தனிவழியும் துணைவழியும்

அண்மையில் தென் மாவட்டம் ஒன்றின் சிற்றூர்ப் பள்ளிக்குச் சென்றிருந்தோம். ஐந்தாம் வகுப்பு. முப்பத்தாறு பிள்ளைகள் தரையில் பாய் விரித்து அமர்ந்திருந்தனர். பிள்ளைகள் 'டேப்' என்று அழைக்கும் கைக்கணினி ஆளுக்கொன்றாக மடியில் இருந்தது. வகுப்பறையில் ஓசையே இல்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் வெவ்வேறு கணக்கு. சரியாகப் போட்டால் அடுத்த படிக்கு ஏற்றும்; தவறினால் ஒரு படி இறக்கி, எளிய கணக்கைத் தரும். பிள்ளைகள் அடைந்துள்ள நிலையைப் பார்த்து, ஒரே நிலையில் உள்ளவர்களை ஒரே பாயில் அமர்த்துவது அங்கு வழக்கம்.

ஆசிரியை தம் கையிலிருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரு சிறுவனை அருகில் அழைத்தார். முந்தைய நாள் பின்னக் கணக்குகளை விரைந்து முடித்தவன், அன்று காலை இரண்டிலக்கக் கழித்தலில்கூடத் தொடர்ந்து தவறியிருந்தான். பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே 'பின்னடைவு' என்று சிவப்பில் குறியிட்டிருந்தது. "என்னடா ஆச்சு? நேத்து எல்லாம் சரியாப் போட்டியே?" என்று கேட்டார். சிறுவன் தரையைப் பார்த்தான். பிறகு அடுத்த பாயிலிருந்த தன் தோழனைக் கண்ணால் காட்டி, "நான் மேல போயிட்டா அவன்கூட உக்கார முடியாது டீச்சர்" என்றான்.

தெரிந்தே தவறு செய்திருக்கிறான். கருவி அதை அறியாமை என்று எழுதியது. ஆசிரியை அதை நட்பு என்று படித்தார். இரண்டும் ஒரே விடையிலிருந்துதான் பெறப்பட்டன.

இச்சிறு நிகழ்ச்சி நம்மை நெடுநாள் விடவில்லை. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில், தன் தேவைக்கேற்பக் கற்க வேண்டும் என்பதே இன்றைய கல்வியுலகின் தாரக மந்திரம். அது நியாயமான விருப்பம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், தன் வேகத்தில் செல்ல உரிமை பெற்ற ஒரு குழந்தை அந்த உரிமையையே வேண்டாமென்று தள்ளி, தோழனோடு பின்தங்கியிருக்க விரும்பியது ஏன்? அவன் விருப்பத்தில் ஏதேனும் உண்மை உண்டா? அல்லது அது திருத்தப்பட வேண்டிய குழந்தைத்தனம் மட்டும்தானா?

பொது வகுப்பின் அநீதி

இவ்வினாவுக்கு விடை தேடும்போது, பழைய வகுப்பறையைப் போற்றிப் பேசும் சபலம் எழுவது இயல்பு. 'கரும்பலகையும் பிரம்புமாக இருந்த காலத்தில் நாம் படிக்கவில்லையா?' என்று கேட்போர் நம்மிடையே பலர். இதை நாம் ஏற்பதற்கில்லை. நாற்பது பேர் அமர்ந்த வகுப்பில் ஆசிரியர் யாருக்குப் பாடம் நடத்துகிறார்? பெரும்பாலும் நடுவிலுள்ள சிலருக்கே. முன்னே ஓடுபவன் சலித்துப் போகிறான். பின்தங்கியவனோ பாடம் புரியாமலே அடுத்த வகுப்புக்குப் போய், அங்கும் புரியாமலே அமர்ந்திருக்கிறான். 'படித்தோம்' என்று பெருமை பேசும் நாம், நம்மோடு அமர்ந்து, நடுவழியில் நின்றுபோன தோழர்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

2019ஆம் ஆண்டு கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்திரோ கனிமியன் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. தில்லி அரசுப் பள்ளிகளின் நடுநிலை வகுப்பு மாணவர் 619 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். ஆறாம் வகுப்பில் பயிலும் சராசரி மாணவர், கணிதத்தில் தம் வகுப்புக்குரிய நிலையைவிட ஏறத்தாழ இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார். ஒன்பதாம் வகுப்பிலோ இந்த இடைவெளி நாலரை வகுப்பாக விரிந்திருந்தது. அதாவது, பள்ளி நடக்க நடக்கப் பிள்ளைக்கும் பாடத்துக்கும் இடையிலுள்ள தொலைவு கூடிக்கொண்டே போனது. இம்மாணவருள் ஒரு பகுதியினர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, பள்ளி நேரத்துக்குப்பின், அவரவர் நிலையறிந்து கற்பிக்கும் கணினிப் பயிற்சி மையத்துக்கு அனுப்பப்பட்டனர். நாலரை மாதத்தில் அவர்கள் கணிதத்திலும் இந்தியிலும் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறினர். மிகவும் பின்தங்கியிருந்தோரும் அவ்வாறே பயனடைந்தனர்.

இதைப் படித்த பின்னும், 'கருவி வேண்டாம், பழையதே போதும்' என்று சொல்வோமாயின், அந்தச் சொல்லுக்கு விலை கொடுப்பவர் நாமல்லர்; கடைசி வரிசையில் அமர்ந்த ஏழைக் குழந்தையே. வசதியுள்ள வீடுகளில் தனி ஆசிரியர் வைத்துக் கற்பிப்பது நெடுங்கால வழக்கம். தன் நிலையறிந்து ஒருவர் சொல்லித் தரும் பேறு செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு என்றுமே இருந்துவந்தது. அதை மற்றவர்க்கும் அளிப்பதாகச் சொல்லும் ஒரு முயற்சியை எள்ளி நகையாடுதல் முறையன்று.

இயந்திர ஆசிரியன் எனும் கனவு

இக்கனவு நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராயிருந்த சிட்னி பிரெஸ்ஸி, 1920களிலேயே வினாக்களைத் தானே கேட்டு, விடையைத் தானே திருத்தும் சிறு இயந்திரம் ஒன்றை அமைத்தார். சரியான பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த வினா வரும்படியும் அதனை இயக்கலாம். 1953இல், உளவியலறிஞர் பி. எஃப். ஸ்கின்னர் தம் மகளின் கணித வகுப்பைப் பார்க்கச் சென்றார். விடை சரியா தவறா என்பதை உடனே அறிய வழியின்றிப் பிள்ளைகள் காத்திருப்பதையும், வேகமானவரும் மெதுவானவரும் ஒரே நடையில் நடத்திச் செல்லப்படுவதையும் கண்டு வருந்தினார். அந்த வருத்தத்தில் பிறந்ததே அவருடைய கற்பிக்கும் கருவி. ஆசிரியரை நீக்குவது தம் நோக்கமன்று. அவரது உழைப்பை மிச்சப்படுத்துவதே நோக்கம் என்றும் அவர் விளக்கினார்.

1966இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் சப்பெஸ் இன்னும் பெரிதாகக் கனவு கண்டார். மாசிடோனிய மன்னன் பிலிப்பின் மகன் அலெக்சாந்தருக்கு அரிஸ்டாட்டில் ஆசிரியராக வாய்த்ததுபோல, கணினியின் வழியே கோடிக்கணக்கான குழந்தைகளுக்குத் தனி ஆசிரியர் வாய்க்கும் காலம் அருகிலிருக்கிறது என்று அவர் எழுதினார். 1984இல் பெஞ்சமின் புளூம் என்னும் கல்வியாளர், தனி ஆசிரியரிடம் கற்ற சராசரி மாணவர், பொது வகுப்பில் கற்றோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேரை விஞ்சினார் என்று காட்டினார். பின்வந்த ஆய்வுகள் அத்துணைப் பெரிய பயனைக் காணவில்லையாயினும், தனிக் கவனம் பயன் தரும் என்பதை எவரும் மறுக்கவில்லை. புளூம் எழுப்பிய வினா இதுவே: ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் ஆசிரியரை அமர்த்த எந்த நாட்டுக்கும் பொருள் போதாது, அந்தப் பயனை வேறு எவ்வழியில் பெறுவது?

சப்பெஸ் காட்டிய உவமையிலேயே ஒரு செய்தி மறைந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அலெக்சாந்தர் அரிஸ்டாட்டிலிடம் தனியே பாடம் கேட்கவில்லை. மியேசா என்னும் இடத்தில், மாசிடோனிய உயர்குடி இளைஞர் சிலரும் அவனுடன் பயின்றனர் என்பது வழிவழி வரும் செய்தி. அரசகுமாரனுக்கு ஆசிரியரை மட்டுமன்றி உடன்பயில்வோரையும் தேடித் தந்தனர். நாம் நம் காலத்துக் கனவில் ஆசிரியரை மட்டும் எடுத்துக்கொண்டு, தோழரை விட்டுவிட்டோம்.

நம் திண்ணையும் ஏணியும்

உண்மையில், அவரவர் வேகத்தில் கற்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் ஒருவன் மணலில் அரிச்சுவடி எழுதுவான்; அருகிலிருப்பவன் எண்சுவடி சொல்வான்; மற்றொருவன் ஓலையில் எழுதுவான். சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லித் தருவான். அப்பள்ளிகளிலும் குறைகள் மலிந்திருந்தன. தண்டனைகள் கொடியவை, சாதியின் பேரால் பலர்க்குத் திண்ணையே மறுக்கப்பட்டது. அவற்றை மறைத்துப் பழம்பெருமை பேசுதல் தகாது. எனினும் அவரவர் நிலையில் கற்றலும், ஒருவர்க்கொருவர் கற்பித்தலும் அங்கு ஒன்றாகவே இருந்தன.

1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் காப்பகத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துக் குரு, உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அம்முறையைக் கொணர முயன்றபோது ஆசிரியர்கள் இசையவில்லை. ஆகவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே மற்றச் சிறுவர்க்குக் கற்பிக்கச் செய்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட அறிக்கையின் வழியே அது 'மதராஸ் முறை' எனப் பெயர் பெற்றது. ஆனால் அங்குப் பரவியபோது அதன் இயல்பு மாறிற்று. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானவரை மலிவாகக் கற்பிக்கும் வழி என்றே பலர் அதை வரவேற்றனர். வரிசை, மணியோசை, கட்டளை, ஒப்பித்தல் என்று ஆலையின் ஒழுங்கு பள்ளிக்குள் புகுந்தது. ஒரு சிறுவன் மற்றொரு சிறுவனுக்கு விரல் பிடித்து எழுதக் காட்டியதில் தொடங்கியது, உயிரற்ற பயிற்சியாய் முடிந்தது.

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007இல் தமிழகமெங்கும் விரிந்த செயல்வழிக் கற்றலை வாசகர் பலர் அறிவர். ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்குக் கிராமப் பள்ளிகளின் அனுபவத்திலிருந்து ஊக்கம் பெற்ற முறை அது. அதில் மின்கருவி ஏதுமில்லை. அட்டைகள் இருந்தன, கற்றல் ஏணி இருந்தது, குழந்தையின் கைக்கெட்டும் கீழ்மட்டக் கரும்பலகை இருந்தது, வரைந்தவற்றைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல் இருந்தது. குழந்தை ஏணியில் தன் இடத்தைத் தானே கண்டு, தனக்குரிய அட்டையைத் தானே எடுக்கும். ஏணியில் ஏறுவது தனித்தனியே, அமர்வதோ குழுவாக. ஆசிரியரின் உதவியோடு சில படிகள், உடன்பயில்வோர் உதவியோடு சில படிகள், தானே சில படிகள் என்று அது வகுக்கப்பட்டிருந்தது. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்துக் கற்பிக்கிறது.

இம்முறைகளிலும் குறைகள் உண்டு. ஆர்வமுள்ள ஆசிரியரின் வகுப்பில் ஏணி ஏணியாக இருந்தது. ஆர்வமற்ற இடத்தில் அட்டைகளை எடுத்து வைக்கும் சடங்காயிற்று. ஆனால் இவ்வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. தனிவழிக் கற்றலுக்கு மின்கருவி இன்றியமையாததன்று. மின்கருவி வந்துவிட்டதாலேயே தனிவழிக் கற்றல் நிகழ்ந்துவிடுவதுமில்லை. பெரு நாட்டில் குழந்தைக்கொரு மடிக்கணினி என இலட்சக்கணக்கில் வழங்கிய பின், 2012இல் வெளியான ஆய்வு, மொழியிலும் கணிதத்திலும் அதனால் முன்னேற்றம் ஏதும் விளையவில்லை எனக் கண்டது. தில்லியில் பயன் விளைந்ததற்கும் பெருவில் விளையாததற்கும் காரணம் கருவியின் பளபளப்பன்று. முன்னதில் பிள்ளையின் நிலையறிந்து பாடம் தரப்பட்டது; பாதி நேரம் ஒரு மனிதர் சிறு குழுவுடன் அமர்ந்து உதவினார். பின்னதில் பெட்டி மட்டுமே போய்ச் சேர்ந்தது.

அளத்தலும் அறிதலும்

இப்போது மூல வினாவுக்குத் திரும்புவோம். குழந்தையை அளப்பதும் குழந்தையை அறிவதும் ஒன்றா?

நல்ல கருவி குழந்தையை நுட்பமாக அளக்கிறது. எத்தனை வினாக்கள், எத்தனை நொடிகள், எந்த வகைத் தவறு என்று அயராமல் குறிக்கிறது. நாற்பது பேரையும் இவ்வாறு கவனிக்க எந்த ஆசிரியராலும் இயலாது. இதை நன்றியோடு ஏற்போம். ஆனால் அளவு என்பது, அளப்பவர் முன்கூட்டியே எண்ணி வைத்த கட்டங்களுக்குள் மட்டுமே விழும். நம் சிறுவனின் தவறு எந்தக் கட்டத்தில் விழும்? 'கழித்தல் அறியாதவன்' என்பது ஒரு கட்டம். 'கவனமற்றவன்' என்பது மற்றொரு கட்டம். 'தோழனை விட்டுச் செல்ல மனமில்லாதவன்' என்பதற்குக் கட்டமில்லை. ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார், விடைக்குக் காத்திருந்தார். அவர் அறிந்தது அந்தக் காத்திருப்பில்தான்.

நாளை இதற்கும் ஒரு கட்டம் வரைந்து, இன்னும் நுட்பமான கருவி வரலாம். குழந்தையோடு உரையாடும் கருவிகளும் வந்துவிட்டன. 'ஏன் தவறாய்ப் போட்டாய்?' என்று அவையும் கேட்கும். நம் வினா அப்போதும் நீங்காது. தன்னை ஒருவர் அறிந்திருக்கிறார் என்று ஒரு குழந்தை உணர்வது, அவருக்கும் தனக்கும் இடையே ஒரு பொறுப்பு இருப்பதால். உண்மையைச் சொன்ன சிறுவன் தலைகுனிந்தது ஏன்? தான் ஏமாற்றியவர், ஏமாற்றத்தால் வருந்தக்கூடியவர் என்று அவன் அறிந்திருந்ததால். கருவியை ஏமாற்றியபோது அவன் தலைகுனியவில்லை.

பதிவு பற்றியும் ஒரு சொல். ஆசிரியர் நினைவு மங்கும். ஐந்தாம் வகுப்பில் மந்தமாயிருந்தவன் எட்டாம் வகுப்பில் துளிர்க்கும்போது, புது ஆசிரியர் அவனைப் புதிதாகவே காண்பார். இந்த மறதி குழந்தைக்குக் கிடைத்த பெருங்கொடை. கருவியோ மறப்பதில்லை. சிவப்புக் குறி எங்கோ சேமிக்கப்படுகிறது. யார் காண்பர், எத்தனை ஆண்டு வைத்திருப்பர் என்பது பெற்றோர்க்குத் தெரிவதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளை ஆராய்ந்த மனித உரிமைக் கண்காணிப்பகம், அவற்றுள் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது, குழந்தைகளின் உரிமைக்கு ஊறு செய்யும் வகையில் தகவல்களைக் கையாண்டதாக 2022இல் அறிவித்தது. 2023இல் நம் நாட்டில் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிறையாதோரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதைத் தடுக்கிறது. சிலர்க்கு விலக்களிக்கவும் அரசுக்கு இடமளிக்கிறது. சட்டம் ஓரளவே காக்கும். 'என் பிள்ளையைப் பற்றி எழுதி வைப்பது எது? அதை அழிப்பது யார்?' என்று கேட்கும் பெற்றோரே உண்மையான காவல்.

மிஞ்சும் நேரம் யாருக்கு?

'நாற்பது பேரையும் அறிய ஆசிரியருக்கு நேரமேது? உங்கள் ஆசிரியை அரிய விதிவிலக்கு' என்று சிலர் கேட்கலாம். வலுவான மறுப்பு இது. பதிவேடுகளும் படிவங்களும் கணக்கெடுப்புகளும் ஆசிரியர் நேரத்தைத் தின்றுவிடுவதை நாம் அறிவோம். ஆயினும், இதே மறுப்புத்தான் நமக்கு ஓர் அளவுகோலையும் தருகிறது. கருவி ஆசிரியரின் உழைப்பை மிச்சப்படுத்தும் எனில், மிஞ்சிய அந்த நேரம் எங்கே போகிறது? ஒரு சிறுவனை அருகே அழைத்து, 'என்ன ஆச்சு?' என்று கேட்கப் போகிறதா? அப்படியாயின் கருவி குழந்தைக்குத் தொண்டு செய்கிறது. மேலும் இருபது பேரை அதே வகுப்பில் சேர்க்கவோ, ஓர் ஆசிரியர் பணியிடத்தைக் காலியாகவே வைத்திருக்கவோ அந்த நேரம் செலவிடப்படுகிறதா? அப்படியாயின், மதராஸ் முறைக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும்.

நாம் அஞ்சுவது இதையே. செல்வர் பிள்ளைக்கு ஆசிரியரும் கருவியும். ஏழைப் பிள்ளைக்கு ஆசிரியருக்குப் பதிலாகக் கருவி. இப்பிளவு மெல்ல வரும். முன்னேற்றம் என்னும் பெயரோடு வரும். ஆளுக்கொரு திரையைக் காட்டி, 'சமநீதி செய்துவிட்டோம்' என்று நாம் நிம்மதியடையவும் கூடும். ஏழைக் குழந்தைக்கும் தன்னை அறிந்த ஒரு மனிதர் வேண்டும். கற்கத் தோழர் வேண்டும். இவை பாடத்தோடு சேர்த்துத் தரப்படும் அணிகலன்களல்ல. பாடம் உள்ளே செல்லும் வாயிலே இவைதாம்.

அந்த ஆசிரியை என்ன செய்தார் என்று சொல்லி முடிப்போம். சிறுவனை அவர் தண்டிக்கவில்லை. பொய் விடையைப் பாராட்டவுமில்லை. "உனக்கு வர்ற கணக்கை நீ போடணும். கடைசி அரைமணி நேரம் எல்லாரும் டேப்பை வச்சிடுங்க. நீ போய் அவனுக்குச் சொல்லிக் குடு" என்றார். அன்று மாலை இருவரும் ஒரே பாயில் அமர்ந்தனர். கழித்தலில் பக்கத்து இலக்கத்திலிருந்து ஏன் கடன் வாங்குகிறோம் என்று தோழன் கேட்டான். சிறுவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அத்தனை கணக்குகளையும் சரியாகப் போட்டவன், அவ்வினாவைத் தன்னிடம் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. இருவருமாகக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தனர்.

தோழன் அடுத்த வாரமே பெரும்படி ஏறிவிட்டான் என்று சொல்வதற்கில்லை. சிறிது ஏறினான். சிறுவனோ, கருவியின் ஏணியில் தான் கடந்துவிட்டதாக எண்ணிய ஒரு படியில், முதன்முறையாகக் கால் பதித்தான். தோழனோடு இருக்க வேண்டும் என்ற அவன் விருப்பம் திருத்தப்பட வேண்டிய குழந்தைத்தனமன்று என்பது நமக்கு அப்போது விளங்கிற்று. திருத்தப்பட வேண்டியது, முன்னேறுவதா, சேர்ந்திருப்பதா என இரண்டிலொன்றைத் தேர்ந்தெடுக்கும்படி அவனை நிறுத்திய ஏற்பாடே.

நம் ஊர்ப் பள்ளிக்கு நாளை புதிய கருவிகள் வரும். வரட்டும். அவற்றின் விலையையும் வேகத்தையும் கேட்பதற்கு முன், அந்த அரைமணி நேரத்தைப் பற்றி நாம் கேட்க வேண்டாமா?